அப்பாவின் வத்தை ஆறு வருடமாகக் கரையில் கிடக்கிறது: மரத்திலேயே எடுத்துக் கட்டலாமா, பைபர் போடலாமா?

திருப்பாலைக்குடிக்காரன்:

வணக்கம். மரப்படகு வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வத்தை (மரத்தில் கட்டின நாட்டுப்படகு) இருக்கிறது. 26 அடி நீளம், நடுவில் 5 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். 1994-ல் அப்பா தொண்டியில் சொல்லிக் கட்டியது. முதலில் பாய் வைத்துத்தான் ஓட்டினார், நான் ஆறாவது படிக்கும்போது 10 குதிரைத்திறன் டீசல் மிஷின் வைத்தார், ஆனாலும் காற்று வாகாக அடித்தால் மிஷினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றிவிடுவார். மூட்டுவலி வந்து கடலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து படகு கரையேறிப் பனைமரத்தடியில் கிடக்கிறது. முதல் இரண்டு வருடம் ஓலை போட்டு மூடி வைத்திருந்தார். அப்புறம் அவருக்கும் முடியவில்லை, நானும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருடம் அப்பா தவறிவிட்டார்.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். சித்தப்பா மகனும் நானும் சேர்ந்து நண்டு வலை போடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். மழையும் ஓய்ந்துவிட்டது, அதனால் படகை எடுத்துப் பார்த்தோம். பலகை இணைப்புகள் வாய் பிளந்து கிடக்கின்றன, உள்ளே உட்கார்ந்தால் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிகிறது, இணைப்பில் அடைத்திருந்த பழைய பஞ்சு விளக்குத்திரி மாதிரி தொங்குகிறது. இடது பக்கம் ஏராவை (அடிக்கட்டையை) ஒட்டிய பலகையில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் நாலு அடி நீளத்துக்குக் கை அழுத்தத்திலேயே உள்ளே இறங்குகிறது. வங்கு (உள்ளே பலகையைத் தாங்குகிற விலா மரம்) இரண்டு முறிந்திருக்கிறது. ஆணி அடித்த இடமெல்லாம் துரு வழிந்து சுற்றிலும் மரம் கறுத்திருக்கிறது.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விறகுக்குக் கொடுத்துவிட்டு ஒரு பழைய பைபர் (கண்ணாடி இழைப்) படகு வாங்கு என்கிறார் ஒருத்தர். மரத்தின் மேலேயே பைபர் சுற்றிவிட்டால் பத்து வருடம் கவலை இல்லை என்கிறார் இன்னொருத்தர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் விறகுக்கு விலை கேட்டு ஆள் வந்த அன்று வாசலில் இறங்கிப் போய்ப் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, அந்த ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்வரை எழுந்திருக்கவே இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்தப் படகில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? பைபர் சுற்றலாமா? மரம் என்றால் என்ன மரம், எந்த மாதத்தில் வேலையைத் தொடங்குவது?

தொண்டி ஓடாவி வீடு:

தம்பி, அப்பா போன செய்தி கேட்டு வருத்தம். 1994-ல் தொண்டியில் கட்டியது என்றால் எங்கள் வீட்டுக் கை பட்ட படகாகக்கூட இருக்கலாம். என் அப்பா ஓடாவி (படகு கட்டுகிற தச்சர்), நானும் பதினைந்து வயதிலிருந்து உளி பிடித்தவன்தான்.

முதலில் ஒன்று சொல்கிறேன், இப்போதைக்கு எதையும் பிடுங்காதீர்கள், எதையும் அடைக்காதீர்கள். வாய் பிளந்த இணைப்பைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுவென்று இருக்கும், கடையில் கிடைக்கிற கட்டியான பசையை வாங்கி இழைத்து அடைத்துவிடுவார்கள். அங்கேதான் படகு கெடுகிறது. ஆறு வருடம் வெயிலில் கிடந்த பலகை சுருங்கித்தான் இருக்கும், தண்ணீரில் இறக்கினால் அதே பலகை ஊறி விரிந்து இடைவெளியைத் தானே மூடப் பார்க்கும். நீங்கள் அந்த இடத்தில் கல் மாதிரி ஒன்றை வைத்து அடைத்துவிட்டால் விரிகிற பலகை எங்கே போகும்? ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும். நம்புதாளையில் ஒரு வல்லத்துக்கு (அதுவும் மரப்படகுதான்) இப்படி அடைத்து இறக்கினார்கள், மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பலகை வங்கை விட்டு விரல் கனம் விலகி நிற்கிறது. ஆக, வெளிச்சம் தெரிவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது முதுகெலும்புக்குத்தான், அதாவது அடியில் ஓடுகிற ஏரா, அணியத்தில் (முன்பக்கம்) எழும்புகிற முன்மரம், அமரத்து (பின்பக்கத்து) மரம் இந்த மூன்றுக்கும். பலகையும் வங்கும் சட்டை மாதிரி, கிழிந்தால் ஒட்டுப் போடலாம், மாற்றலாம். ஏரா முழுக்கப் போய்விட்டால் அது பழுது பார்ப்பதில்லை, புதுப் படகு கட்டுவது. அதனால் சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள். அணியத்திலிருந்து அமரம் வரை ஏராவை ஒட்டி ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். கட்டின நாளில் அடி எப்படி இருந்திருக்கும் என்று அந்த நூல் சொல்லிவிடும். நடு எழும்பி இரண்டு முனையும் தொய்ந்திருந்தால் படகு உடல் தளர்ந்துவிட்டது என்று பொருள். கொஞ்சம் தொய்வு என்றால் பனந்துண்டுகளைத் தொய்ந்த முனைகளுக்கு அடியில் வைத்து நாளுக்குக் கொஞ்சமாக ஆப்பு அடித்துத் தூக்கித் திருப்பிக் கொண்டுவரலாம், அவசரப்பட்டு ஒரே நாளில் தூக்கினால் மூட்டு விட்டுப் போகும்.

அடுத்தது மரச் சுத்தியல். இரும்பு வேண்டாம். ஏராவிலும் பலகையிலும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டண்’ என்று திருப்பிச் சொல்லும், அழுகின மரம் ‘பொத்’ என்று விழுங்கிக்கொள்ளும். காது இரண்டே நிமிடத்தில் பழகிவிடும். சத்தம் மாறுகிற இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டு அப்புறம் கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். தண்ணீருக்கு அடியில் இருந்த பாகத்தில் குண்டூசி முனை அளவில் ஓட்டை தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். மரம் துளைக்கிற புழு குஞ்சாக நுழையும்போது வழி அவ்வளவு சின்னதுதான், உள்ளே போய்ப் பெருத்து விரல் நுழைகிற குழாய் குழாயாகத் தோண்டிவிடும், குழாயின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளையாக இருக்கும். படகு ஆறு வருடமாகக் காய்ந்து கிடப்பதால் புழு எப்போதோ செத்திருக்கும், ஆனால் தோண்டின பள்ளம் அப்படியேதான் இருக்கும்.

இந்த மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் பலகையைப் பேசலாம். அதுவரை மேலே ஒரு ஓலைப் பந்தல் போடுங்கள், வெயில் நேராக விழ வேண்டாம்.

கீழக்கரை உப்புக்காற்று:

ஓடாவி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். படகைக் கெடுத்தது கடலில்லை, மழை. கடல் தண்ணீர் ஊறின மரம் அவ்வளவு சீக்கிரம் அழுகாது, உப்பு அதைக் காக்கும். மழைத் தண்ணீர் அடியில் தேங்கி, மேலே இலை சருகு விழுந்து மக்கி, காற்றும் படாமல் கிடந்தால்தான் பலகை சோறு மாதிரி குழைந்துபோகும். எங்கள் வாப்பா வல்லத்தைக் கரையில் ஏற்றும்போதெல்லாம் தண்ணீர் வடிகிற அடி ஓட்டையின் கட்டையைப் பிடுங்கிவிட்டு உள்ளே வாலிநோக்கத்துக் கல்லுப்பை இரண்டு படி தூவிவிடுவார். அந்த வல்லம் அவரைவிட அதிக நாள் இருந்தது.

உங்கள் படகில் இடது பக்கம் மட்டும் அழுகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, அடி ஓட்டை திறந்திருந்ததா என்று பாருங்கள்.

மண்டபம் பைபர் பட்டறை:

பைபர் வேலை செய்கிறவன் என்ற முறையில் பேசுகிறேன், தம்பி, உங்கள் படகுக்குப் பைபர் சுற்ற வேண்டாம்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கப் பைபர் வந்துவிட்டது, எனக்கும் அதுதான் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அச்சில் வார்த்து எடுத்த பைபர் படகு வேறு, பழைய மரத்தின் மேல் ஒட்டுகிற பைபர் வேறு. உங்கள் பலகை இருபது முப்பது வருடம் மீன் எண்ணெயும் புன்னை எண்ணெயும் குடித்த பலகை. அதன் மேல் ரெசின் (பைபரை ஒட்டுகிற பசை) ஒட்டாது. ஒட்டினது போல இருக்கும், முதல் வருடம் பார்க்கப் புதுப் படகு மாதிரி பளபளக்கும். மரம் தண்ணீர் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும், அலையில் முறுக்கும். மேலே போட்ட ஓடு விரியவும் செய்யாது, முறுக்கவும் செய்யாது. எங்கேயோ மயிரிழை அளவு கீறல் விழுந்தால் போதும், அந்த வழியாகத் தண்ணீர் போய் ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், வெளியே வர வழி இருக்காது. நானே தொழில் தொடங்கின புதிதில் வேதாளைப் பக்கம் ஒரு பழைய வல்லத்துக்குப் போட்டுக் கொடுத்தேன். மூன்று வருடம் கழித்துப் பைபரை அறுத்துப் பார்த்தால் உள்ளே பலகையைக் கையால் அள்ளலாம், ஈர மரத்தூள். வெளியே ஒரு அடையாளமும் இல்லை. அந்த ஆள் அதை நம்பிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பதறுகிறது. அதற்குப் பிறகு பழைய எண்ணெய் மரத்துக்கு நான் பைபர் போடுவதில்லை.

மரத்தின் மேல் பைபர் போடவே கூடாது என்றும் சொல்லவில்லை. கொச்சியில் இருக்கிற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் மருந்து ஏற்றின ரப்பர் மரத்தில் சின்னப் படகு கட்டி மேலே பைபர் போர்த்திக் காட்டியிருக்கிறது. அங்கே மரம் புதிது, காய்ந்தது, எண்ணெய் படாதது, பைபர் போடுவதற்கென்றே தயார் செய்தது. உங்களுடையது அப்படி இல்லை.

வேண்டுமானால் ஒன்று செய்யுங்கள். ஏராவுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தேய்மானக் கட்டை அடித்துவிடுங்கள். மணலில் இழுக்கும்போது அதுதான் தேயும், ஏரா தேயாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஓடாவி அண்ணன் சொன்ன சோதனையில் ஏரா போய்விட்டது என்று தெரிந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வார்த்த பைபர் வாங்குங்கள், அது தப்பில்லை. ஏரா நன்றாக இருந்தால் மரத்திலேயே கட்டுங்கள்.

திருப்பாலைக்குடிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதே வேலையாக இருந்தோம்.

ஓடாவி அண்ணே, நூல் கட்டிப் பார்த்தோம். நடுவில் எழும்பல் இருக்கிறது, ஆனால் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஏராவைத் தட்டிக்கொண்டே போனோம், அணியத்திலிருந்து அமரம் வரை ஒரே ‘டண்’. சித்தப்பா மகன் நம்பாமல் இரண்டாவது முறை தட்டினான். முன்மரம் அடியில் மட்டும் மேலாகக் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, சுரண்டினால் கால் அங்குலத்தில் நல்ல மரம் வந்துவிட்டது. புழு ஓட்டை வலது பக்கம் ஒரு பலகையில் ஏழெட்டு இருக்கிறது.

கீழக்கரை காக்கா (அண்ணன்) கேட்டது அப்படியே சரி. படகு இடது பக்கம் சாய்ந்துதான் கிடந்தது, அடி ஓட்டையில் கட்டை இல்லை, ஆனால் சருகும் மண்ணும் இறுகி அடைத்திருந்தது. கம்பியால் குத்தினதும் கறுப்பாக ஒரு வாளிக்கு மேல் தண்ணீர் வந்தது. மழை நின்று இத்தனை நாள் கழித்தும் அவ்வளவு தண்ணீர். அதை எல்லாம் வழித்து எடுத்துவிட்டுப் பார்த்தால் அழுகல் நாலு அடி இல்லை, ஐந்தரை அடி.

சுரண்டும்போது வெளிப்பக்கம் ஓரிடத்தில் பெயின்ட் அடுக்கடுக்காக வந்தது. மேலே பச்சை, அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் வேறொரு நீலம், அப்புறம் ஒரு சிவப்புக் கோடு. அந்தச் சிவப்பு அக்கா கல்யாணத்து வருடம் அடித்தது என்று அம்மா சொன்னது.

இன்னொன்று, அதைக் கேட்கத்தான் முக்கியமாக எழுதுகிறேன். வங்குகளில் உளியால் கோடு வெட்டியிருக்கிறது. முதல் வங்கில் ஒரு கோடு, இரண்டாவதில் இரண்டு, அப்படியே போகிறது. முறிந்திருப்பது எட்டும் ஒன்பதும். மிஷின் உட்காரும் கட்டை சரியாக அந்த இரண்டின் மேல்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டும் முறிந்தது எதனால்?

தொண்டி ஓடாவி வீடு:

தம்பி, ஏரா பிழைத்துவிட்டது, இனிமேல் மற்றதெல்லாம் வேலைதான். ரொம்பச் சந்தோஷம்.

அந்தக் கோடு ஓடாவி போட்ட எண். வங்கை வெளியே செதுக்கி வைத்துக்கொண்டு வரிசையாக ஏற்றுவதற்கு அப்படி வெட்டுவோம். புது வங்கு வைக்கும்போது அதே எண்ணை நீங்களும் வெட்டிவிடுங்கள், பின்னால் கை வைக்கிறவனுக்கு வழி தெரியும்.

முறிந்ததன் காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். படகு கட்டினது பாய்க்கு. பாய்ப் படகில் பாரம் விரிந்து கிடக்கும், ஒரே புள்ளியில் உட்காராது. பின்னால் மிஷின் வைத்தவர் இரண்டு வங்கின் மேல் மட்டும் கட்டையை அடித்து அதன் மேல் மிஷினை உட்கார வைத்திருக்கிறார். எடை ஒரு பக்கம், நாள் முழுக்க நடுக்கம் ஒரு பக்கம், இரண்டு வங்கு எத்தனை வருடம் தாங்கும்? இந்தத் தடவை மிஷின் கட்டையை நீளவாக்கில் இரண்டு பக்கமும் ஓட விடுங்கள், குறைந்தது ஐந்து ஆறு வங்கை அது தாண்டிப் போக வேண்டும். அப்போது நடுக்கம் பிரிந்துபோகும். இதைச் செய்யாமல் புது வங்கு மட்டும் வைத்தால் மறுபடி அதே எட்டும் ஒன்பதும்தான் முறியும்.

வங்குக்குப் பூவரசு பாருங்கள், இல்லை நாட்டுக் கருவேல் (சீமைக் கருவேல் இல்லை). முக்கியமானது, வளைவாகவே வளர்ந்த கொம்பாக இருக்க வேண்டும். பழைய வங்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் நின்று வைத்துப் பார்த்து வாங்குங்கள். நேர் மரத்தை வளைவாக அறுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும், கையால் முறிக்கலாம். பலகைக்கு அயினி நல்லது, கேரளத்து மரம், கடைகளில் கன அடிக் கணக்கில் கிடைக்கும். அது கைக்கு எட்டாத விலை என்றால் தண்ணீருக்கு மேல் வருகிற பலகைக்கு வேம்பு போடலாம், ஆனால் ஏரா ஓரப் பலகைக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஐந்தரை அடி அழுகல் என்றால் ஐந்தரை அடியை வெட்டி எடுத்துவிட்டு அதே அளவில் ஒரு துண்டைச் செருகக் கூடாது. இரண்டு பக்கமும் நல்ல மரத்துக்குள் தாண்டிப் போய்ச் சாய்வாக வெட்டிச் சாய்வாக இணைக்க வேண்டும். பலகை 1 அங்குலக் கனம் என்றால் சாய்வு 8 அங்குல நீளமாவது வேண்டும். மேல் பலகையின் இணைப்பும் கீழ்ப் பலகையின் இணைப்பும் ஒரே வங்கில் வந்து விழக் கூடாது, விழுந்தால் அங்கேயே மடங்கும். ஒரு பலகையைக் கழற்றினால் அதைப் பூட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். வங்கும் அப்படித்தான், எட்டை வைத்து முடித்துவிட்டு ஒன்பதைக் கழற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரித்துப் போட்டால் படகு தன் வடிவத்தை மறந்துவிடும், எவ்வளவு பெரிய ஓடாவி வந்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆணி விஷயம். இந்தப் படகு முழுக்க இரும்பு ஆணி. புது இடத்தில் மட்டும் செம்பு ஆணி அடித்தால் நல்லது என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். செம்பும் இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து உப்புத் தண்ணீர் பட்டால் இரும்பு கரைந்துபோகும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) ஆணியே போடுங்கள், பளபளவென்று இருப்பது இல்லை, சூட்டில் முக்கியெடுத்து மங்கலாகச் சொரசொரவென்று இருக்குமே, அது. பழைய ஓட்டையிலேயே திரும்ப அடிக்காதீர்கள். அதில் மர முளையை எண்ணெயில் தோய்த்து அடைத்துவிட்டு, ஒரு அங்குலம் தள்ளிப் புது ஓட்டை துளைத்து அடியுங்கள். துளைக்காமல் அடித்தால் பலகை வெடிக்கும்.

வலது பக்கத்துப் புழுப் பலகையை முழுதாக மாற்றுங்கள். ஏழெட்டு ஓட்டைதானே என்று எண்ண வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று கழற்றி அறுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இனி நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அது விசைப்படகுகளுக்கு, நம் நாட்டுப்படகுக்கு இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் மண்டபம், ராமேஸ்வரம், பாம்பன் எல்லா இடத்திலும் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள், ஒரு ஓடாவி உங்களுக்குக் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் பாதியில் விட்டுவிட்டுப் போவார். அதற்குப் பிறகு சோழகக் காற்று (தெற்கத்திக் காற்று), வறட்டு வெயில், பலகை வெடித்துக் காயும். அதனால் தை, மாசி, பங்குனிக்குள் மர வேலையை முடித்துவிடுங்கள். இப்போது தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.

தெற்குவாடி (பாம்பன்):

மர வேலை எனக்குத் தெரியாது, கலப்பத்து (பலகை இணைப்பு அடைக்கிற) வேலையும் காகித வேலையும் தெரியும். எங்கள் வீட்டு வல்லத்துக்கு வருடாவருடம் குங்கிலியம் (மரப்பிசின்) காய்ச்சுவது நானும் அம்மாவும்தான்.

குங்கிலியத்தை இடித்துத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள், கட்டி இருந்தால் இணைப்பில் உட்காராது. எண்ணெயை இரும்புச் சட்டியில் சிறு தீயில் சூடாக்கி அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். நாங்கள் புன்னை எண்ணெய் ஊற்றுவோம். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து விரலால் அழுத்துங்கள். அழுந்தி அப்படியே நிற்க வேண்டும். நொறுங்கினால் எண்ணெய் குறைவு, விரலில் ஒட்டி இழுத்தால் குங்கிலியம் குறைவு. வீட்டுக்குள்ளேயோ ஓலைப் பந்தலுக்கு அடியிலேயோ காய்ச்சவே கூடாது, வெட்டவெளியில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும், தீப்பிடித்தால் மணலைத்தான் கொட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றினால் எரிகிற எண்ணெய் தெறித்து ஆளைச் சுட்டுவிடும். என் தங்கை கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பஞ்சை முதலில் திரியாகத் திரித்து உளியால் இணைப்பில் இறக்குங்கள், அதன் மேல் குங்கிலியம். பலகை காய்ந்திருக்கும்போது பஞ்சை இறுக்கி இறுக்கி அடிக்க வேண்டாம், ஓடாவி அண்ணன் முதலில் சொன்ன அதே காரணம்தான். இறக்கின பிறகு முழங்கால் தண்ணீரில் கட்டிப்போட்டு, உள்ளேயும் கடல் தண்ணீரை ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். முதல் நாள் சல்லடை மாதிரி தண்ணீர் ஏறும், பார்த்தால் வயிறு கலங்கும், மூன்றாம் நாள் நின்றுவிடும். வடகடல் (பாக் விரிகுடா) ஆழமில்லாத கடல், உங்கள் கரையில் இதற்கு வசதியும் உண்டு.

காகிதத்தை மரத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடுங்கள். படகுப் பதிவு அப்பா பேரில்தான் இருக்கும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மா அக்கா எல்லோருடைய சம்மதக் கடிதம் இதை எல்லாம் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகத்தில் பேர் மாற்ற எழுதிக் கொடுங்கள். 1983 ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி நாட்டுப்படகுக்கும் பதிவு வேண்டும். பதிவு உங்கள் பேரில் இல்லாமல் மானிய டீசலும் வராது, புயலில் படகு சேதமானால் நிவாரணத்துக்குப் போய் நிற்கவும் முடியாது. எங்கள் வீட்டில் தாத்தா பேரிலேயே விட்டுவைத்து, ஒரு புயலுக்குப் பிறகு எட்டு மாதம் அலைந்தோம்.

திருப்பாலைக்குடிக்காரன்:

அக்கா, பதிவுப் புத்தகம் அப்பாவின் பெட்டியில் இருந்தது, அட்டை மட்டும் செல்லரித்திருக்கிறது. வாரிசுச் சான்றுக்கு இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஓடாவி அண்ணே, எட்டாவது வங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனோம். தேவிபட்டினம் போகிற வழியில் ஒரு தோப்பில் பூவரசு வெட்டிப் போட்டிருந்தார்கள், மூன்றாவது கொம்பே அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது. ஒன்பதுக்கும் சேர்த்து வாங்கிவிட்டோம். மிஷின் கட்டையை ஐந்தாம் வங்கிலிருந்து பதினொன்று வரை ஓட விடுவதாக இருக்கிறோம், போதுமா? நடு எழும்பலுக்குப் பனந்துண்டு வைத்து நாளுக்கு ஒரு சுத்தியல் அடி ஆப்பு அடிக்கிறோம், நூலில் பாதி குறைந்துவிட்டது.

திங்கட்கிழமை ஏரா ஓரப் பலகையைக் கழற்றுகிறோம். அம்மா தொழுவத்தில் கிடந்த பழைய உரலை உருட்டிக் கொண்டுவந்து கழுவிக் காயவைத்திருக்கிறது. 26 அடி வத்தைக்குக் குங்கிலியம் எத்தனை கிலோ வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் அக்கா, நாளைக்கு ராமநாதபுரம் போகிறேன்.